உள்ளே வந்த காற்று

பெங்களூரில் காற்று கிடையாது. குளிர் உண்டு, தூறல் உண்டு, ஏப்ரல் மே மாதங்களில் மழைக்கு முன்னால் பத்து நிமிடம் கிளைகளை முறித்துப் போடுகிற ஓர் ஆவேசமும் உண்டு. மற்றபடி விவேக் நகரில் என் வீட்டு ஜன்னல் திரை, துவைத்து மாட்டிய அன்று எப்படித் தொங்கியதோ அப்படியே அடுத்த துவைப்பு வரை தொங்கும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் என் பணிக்காலத்தில் பெரும்பகுதியைப் புயலுக்குக் கட்டடம் வரைவதில் கழித்தேன். யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

போன மாதம் வைட்ஃபீல்டில் உங்கள் அலுவலகத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டீர்கள். நான் வந்த கேப் பாலத்தடியில் முக்கால் மணி நேரம் நின்றது. வந்து சேர்ந்தபோது உங்களில் பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தீர்கள். மீதிப் பேரில் ஒருவர் திரையில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். கடற்கரையில் வரப்போகிறதாம். அழகாகத்தான் இருந்தது. “எங்கேர்ந்து ஆரம்பிச்சீங்க?” என்று கேட்டேன். “பழைய ப்ராஜெக்ட் ஃபைல் ஒண்ணு இருந்துச்சு மேடம். சேவ் ஆஸ் போட்டேன்” என்றார். அதே காரியத்தை நானும் ஒரு காலத்தில் செய்து, அதற்கான பாடத்தையும் படித்திருக்கிறேன். அங்கே எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த மனமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1991இல். ஆறே பேர் இருந்த ஓர் அலுவலகம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதலாளியை ‘சார்’ என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர் குடும்பம் மைசூர் சமஸ்தானக் காலத்திலேயே அரசு வேலைக்கென்று இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். நல்ல மனிதர், கணக்கில் புலி. கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி கனமான குரல். சேர்ந்த முதல் வாரமே எனக்கு ஒரு விதி சொன்னார்: “க்ளையண்ட்கிட்ட பேசறப்போ குரல் ஆடக் கூடாதும்மா. கட்டடம் ஸ்வல்ப ஆடினாக்கூட சமாளிச்சுக்கலாம். இன்ஜினியர் குரல் ஆடினா முடிஞ்சுது.” நான் சாதுவான பெண். தினமும் பஸ்ஸில் வரும்போது வாய்க்குள்ளேயே ஆடாத குரலில் பேசிப் பழகினேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

எங்களுக்கு முக்கால்வாசி வேலை பீன்யா தொழிற்பேட்டையிலிருந்து வந்தது. பட்டறைகள், கிடங்குகள், தகரக் கூரை போட்ட பெரிய பெரிய ஷெட்டுகள். ஒன்றை வரைந்தவர்களுக்கு மற்றதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. நாங்கள் வேலை செய்த விதத்தை உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு பழைய ஷெட்டின் வரைபடத்தை மேஜையில் ஒட்டுவோம். அதன்மேல் ட்ரேசிங் தாளை விரிப்போம். மாறாத கோடுகளை அப்படியே மேலே இழுத்துவிட்டு, மாறவேண்டியதை மட்டும் புதிதாகப் போடுவோம். அரை நாளில் ஒரு கட்டடம் தயார். ஈயடிச்சான் காப்பிதான், ஆனால் பீன்யாவில் அது தவறே இல்லை. அங்கே எல்லா ஷெட்டும் அண்ணன் தம்பிதான்.

அந்த வயதில் எனக்குப் பகல் கனவு அதிகம். கல்லூரியில் நாங்கள் படித்ததெல்லாம் கட்டடம் விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான். பெரும்புயலில் கூரை விழாது, எழும்பும் என்பது வேலைக்கு வந்த பிறகே மண்டையில் ஏறியது. ஏறியதிலிருந்து நான் சும்மா இருக்கவில்லை. பீன்யா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வரிசையாக நிற்கும் ஷெட்டுகளின் கூரைகள் ஒவ்வொன்றாக, சத்தமே இல்லாமல், கொடியில் போட்ட வேட்டி போல மெல்ல மேலே போவதைப் பார்த்துக்கொண்டே வருவேன். கீழே ஆட்கள் பாட்டுக்கு வெல்டிங் அடித்துக்கொண்டிருப்பார்கள். பயமே இருக்காது, அழகாக இருக்கும். அப்படி ரசித்தவளுக்கு ஒருநாள் பாடம் வரத்தானே வேண்டும்.

சேர்ந்து ஆறேழு வருடம் ஆனபின் ஒரு தர்ம ஸ்தாபனம் எங்களிடம் வந்தது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பள்ளிக்கூட ஹால் ஒன்று வேண்டும். சாதாரண நாளில் பிள்ளைகள் படிக்க, புயல் வந்தால் குப்பத்து ஜனங்கள் ஒதுங்க. இரும்புச் சட்டங்களைப் பீன்யாவில் செய்து லாரியில் அனுப்புவது என்று ஏற்பாடு. சார் அதை என்னிடம் கொடுத்தார். நான் கடலை அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன், மெரினாவில், சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு.

கணக்கை மட்டும் பயபக்தியோடு போட்டேன். பெங்களூருக்கு எடுக்கும் காற்றின் வேகத்தைப் போல அந்தக் கரைக்கு ஒன்றரை மடங்கு எடுக்கவேண்டும். வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டே கால் மடங்கு. ஒவ்வொரு சட்டத்தையும் அதற்குத் தகுந்தபடி தடிமனாக்கினேன். தகட்டைப் பிடிக்கும் கொக்கி போல்ட்டுகளை நெருக்கிப் போட்டேன். மூன்று முறை சரிபார்த்தேன். சார் நான்காவது முறை பார்த்துவிட்டு, “சாலிட்” என்றார். அன்று மாலை வீட்டுக்கு மிதந்துதான் போனேன்.

இப்படியாக ஹால் எழும்பியது. கட்டி நிறுத்தியவர் எத்திராஜ், பீன்யா பட்டறையின் ஃபோர்மேன். பூர்வீகம் ஆம்பூர்ப் பக்கம், வளர்ந்தது எல்லாம் இங்கே, என் வயதுதான் இருக்கும். திறப்பு விழா முடிந்தும் மழைநீர்க் குழாய் வேலை பாக்கி இருந்ததால் நாலு ஆட்களோடு அங்கேயே தங்கியிருந்தார். நான் திறப்பு விழாவுக்கும் போகவில்லை. ஃபோட்டோ பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

நவம்பர் மாதம். பெங்களூரில் இரண்டு நாளாகத் தூறல். வங்கக் கடலில் எங்கே எது சுழன்றாலும் அதன் முந்தானை நுனி மட்டும் இங்கே வந்து படும். மறுநாள் காலை நாகை அருகே புயல் கரையைக் கடக்கும் என்று ரேடியோ சொல்லியிருந்தது. எதிரே தூங்குமூஞ்சி மரம் நனைந்துகொண்டு அசையாமல் நின்றது. தெருவில் போகிறவர்கள் குடையைக்கூட விரிக்கவில்லை. நாங்கள் பஜ்ஜி வாங்கிவரச் சொல்லிவிட்டு ஊட்டியில் இருப்பது மாதிரி இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தோம். “நம்ம ஹாலுக்கு நல்ல டெஸ்ட்” என்றேன். ஆமாம், அப்படியேதான் சொன்னேன்.

பதினொரு மணிக்கு போன் வந்தது.

“மேடம், எத்திராஜ் பேசறேன். பூத்துலர்ந்து. இங்க வானம் ஒரு மாதிரி செம்மண் கலர்ல இருக்குது. காத்தே இல்ல. இலை ஆடல. சமுத்திரம் தட்டுல ஊத்தின எண்ண மாதிரி கிடக்குது.”

“ஜனங்க என்ன பண்றாங்க?”

“மூட்ட முடிச்சு எடுத்துக்கினு நம்ம ஹாலுக்கு வர ஆரம்பிச்சிட்டாங்கோ. சாயங்காலத்துக்குள்ள குப்பமே வந்துரும். அதுக்குத்தானே கட்டுனோம், அது பரவால்ல. ஆனா இங்க ஒரு அம்மா பேஜாரு பண்றாங்கோ. கருவாடு விக்கறவங்க. ஒண்ணு கேட்டாங்கோ, எனக்குப் பதில் தெரியல. வரைஞ்சவங்களத்தான் கேப்பேன்னு நிக்கறாங்கோ. குடுக்கட்டா?”

குடுங்க என்றேன். ரிசீவர் கை மாறும் சத்தம். பிறகு ஒரு பெண்குரல், பூத்திலிருந்து பேசுகிற பழக்கமில்லாததால் உரக்க.

“நீதான் இதக் கட்டுனவளா?”

“வரைஞ்சு குடுத்தது நான்தாம்மா.”

“கடப்பக்கம் செவுத்துக்கு மேல நீட்டுக்கும் ஒரு சந்து வுட்டுருக்கியே, அது வழியா காத்து உள்ள வரும்ல?”

“வரும்.”

“வந்த காத்து எப்புடி வெளியில போவும்? அந்தாண்ட பூரா ரூம்பு கட்டி அடச்சிருக்கு. போன புயல்ல என் கருவாட்டுக் கொட்டாயி இப்புடித்தான். மின்பக்கத் தட்டி கழண்டு உழுந்துச்சு, கூர எந்திரிச்சுப் போயிட்டு. அதான் கேக்குறேன்.”

பத்து நிமிடத்தில் நானே கூப்பிடுகிறேன் என்று பூத்தின் நம்பரை வாங்கிக்கொண்டு வைத்தேன். என் குரல் ஆடவில்லை. விதிப்படி இருந்தது.

வரைபடத்தை விரித்தேன். சந்து இருந்தது. நான் வரைந்த படத்தில், என் கையால் இழுத்த கோடுகளில், சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழ உயரத்துக்குக் கட்டடத்தின் நீளம் முழுக்க இருந்தது. அதை நான் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பேன்? அது பீன்யா சந்து. பட்டறையின் சூடும் புகையும் வெளியேறுவதற்காக எல்லா ஷெட்டிலும் இரண்டு பக்கமும் விடுவது. கீழே ஒட்டியிருந்த தாளிலிருந்து தானாக என் ட்ரேசிங்குக்கு ஏறிவிட்டது. நிலப்பக்கம் புதிதாக அறைகள் வந்ததால் அங்கே மறைந்துபோனது. கடல்பக்கம் மட்டும் தங்கிவிட்டது. கணக்குத் தாளை எடுத்தேன். முதல் வரியில் என் குண்டு எழுத்தில் ‘மூடிய கட்டடம்’ என்று எழுதியிருந்தது.

குடையைக் காற்றுக்கு எதிரே பிடித்து, உள்ளே காற்று புகுந்து அது மலர்ந்துபோன அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். அவ்வளவுதான் விஷயம். வெளியே காற்று கூரையை மேலே இழுக்கும். உள்ளே புகுந்தது கீழேயிருந்து தள்ளும். நான் இழுப்பதற்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தேன்.

சாரிடம் போனேன். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நான்காவதாகச் சரிபார்த்தவர் அவர். பென்சிலை எடுத்து ஓரத்தில் நாலு வரி போட்டார். நானும் அதற்குள் போட்டிருந்தேன். இரண்டு பேருக்கும் விடை ஒன்றுதான். கூரை நிச்சயம் போய்விடும் என்று சொல்ல முடியாது. நிச்சயம் நிற்கும் என்றும் சொல்ல முடியாது.

“சந்த அடைக்கச் சொல்லு. பலகை, தகடு, எது கிடைக்குதோ அது” என்றார்.

“நாலு ஆளு சார். அரை நாள். அடைச்சது அந்தக் காத்துல நிக்கும்னு நீங்க சொல்லுவீங்களா?”

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“உள்ள யாரும் போக வேணாம்னு சொல்லப் போறேன் சார்.”

“ஸ்வல்ப நிதானமா யோசிம்மா. நாம கட்டினத நாமளே நம்பலன்னா வேற யாரு நம்புவா? அதுவும் கடைசி நேரத்துல சொன்னா ஜனங்க மிரண்டுபோயிடுவாங்க. நட்டாத்துல விட்ட மாதிரி ஆயிடும்.” பிறகு, “சொல்றதுன்னா நீ தெளிவாச் சொல்லு. ஒரு பெரிய இன்ஜினியர் உத்தரவு போடற மாதிரி. குரல் ஆடக் கூடாது” என்றார். அவர் குரல் அப்போது கிணற்றில் வெகு கீழே இருந்தது.

போனைச் சுழற்றினேன். தடம் முழுக்க நெரிசல் என்று ஒரு பதிவுக் குரல் கன்னடத்தில் சொல்லிவிட்டு ஆங்கிலத்திலும் சொன்னது. மறுபடி. மறுபடி. ஜன்னலுக்கு வெளியே தூறல் தூறலாகவே இருந்தது. யாரோ பஜ்ஜிப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். எண்ணெய் காகிதத்தில் பரவிக்கொண்டே போனதைப் பார்த்துக்கொண்டு சுழற்றினேன். இதெல்லாம் எனக்கு நடக்கவில்லை, யாரோ எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. கை மட்டும் தன்பாட்டுக்கு எண்களைச் சுழற்றியது. பன்னிரண்டரைக்கு லைன் கிடைத்தது.

எத்திராஜிடம் அந்த அம்மாவையே கூப்பிடச் சொன்னேன். பெரிய இன்ஜினியர் மாதிரி ஆரம்பித்தேன்.

“அம்மா, அந்த ஹாலுக்குள்ள யாரும் போகக் கூடாது. உள்ள இருக்கறவங்களையும் வெளியே வரச் சொல்லுங்க. முன்னாடியெல்லாம் புயல்னா எங்க போவீங்க?”

“மூணு மைலுல ஒரு கல்லுச் சத்திரம் இருக்கு. அங்கதான் நடப்போம். நீங்க இதக் கட்டுன பொறவுதான் இனிமே நடக்க வேணாம்னு இருந்தோம்.”

நான் கட்டாமல் இருந்திருந்தால் இவர்கள் இந்நேரம் பாதி வழி போயிருப்பார்கள். அது என் தலைக்குள் போய் இறங்கியதும், இத்தனை வருடம் பஸ்ஸில் பழகியதெல்லாம் போயிற்று.

“சத்திரத்துக்கே போயிடுங்கம்மா. இப்பவே கிளம்புங்க. நான்… நீங்க கேட்டது சரிம்மா. நான் தப்புப் பண்ணிட்டேன். அந்தச் சந்த நான் பாக்கல. காத்து வெளிய போக வழி இல்ல.” அதற்கு மேல் சொற்கள் சரியாக வரவில்லை. குரல் உடைந்து, சின்னப் பிள்ளை மாதிரி, “போயிடுங்கம்மா” என்று மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

அந்தப் பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம், லைன் செத்துப்போனது. திரும்பக் கிடைக்கவே இல்லை.

அதற்கப்புறம் இரண்டு நாள். அந்த நாட்களில் நான் என்ன செய்தேன் என்று கோவையாக நினைவில் இல்லை. இங்கே புயல் என்பது ஈரமான செருப்பும் பேப்பரில் ஒரு வரைபடமும்தான். வியாழக்கிழமை வேறு. எங்கள் தெரு முனைவரை குழந்தை யேசு கோயிலுக்கு வந்த கூட்டம். நான் சாமி கும்பிடுவது வேறு கோயிலில். ஆனாலும் போய் ஒரு மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றி, அதன் சுடரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நூற்றுக்கணக்கான சுடர்கள் திறந்த வெளியில் எரிந்தன. ஒன்றுகூட ஆடவில்லை. அதே சமயம் கிழக்கே எங்கோ ஒரு கூரை என்ன செய்துகொண்டிருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே இன்னொரு மெழுகுவர்த்தி வாங்கினேன். அவர்கள் கேட்டிருப்பார்களா? பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு போனில் அழுத ஒருத்தி பேச்சைக் கேட்டு, பிள்ளைகளையும் கிழவர்களையும் கூட்டிக்கொண்டு யார் மூன்று மைல் நடப்பார்கள்?

மூன்றாம் நாள் எத்திராஜ் தஞ்சாவூருக்கு வந்து போன் செய்தார். “தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு மேடம்” என்றார். குப்பத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம்.

சாரும் நானும் அந்த வாரமே போனோம். இரும்புச் சட்டங்கள் அத்தனையும் நின்றன. கடல்பக்கம் சந்துக்கு மேலே இருந்த தகடுகள் ஒன்றுகூட அசையவில்லை. எத்திராஜ் ஆட்கள் கிளம்புமுன் தாங்களாகவே சந்தில் அடித்த பலகைகள்தான் உடைந்து உள்ளே கிடந்தன. ஆனால் நிலப்பக்கத்துக் கூரை மொத்தமாக இல்லை. கொக்கி போல்ட்டுகள் ஆணி மாதிரி நேராகியிருந்தன. உள்ளே வந்த காற்று வெளியே போக வழி தேடியிருக்கிறது. நான் கொடுக்காததால் தானே ஒரு வழி செய்துகொண்டது. தகடுகள் சவுக்குத் தோப்பில் மரங்களுக்கு நடுவே செருகிக்கிடந்தன. ஹாலுக்குள் கரும்பலகையைப் பாதியாகப் பிளந்துகொண்டு ஒன்று நின்றது. அதற்குக் கீழேதான் குழந்தைகளைப் படுக்க வைப்பதாக இருந்ததாம். சார் அதன் அருகே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அன்றைக்குத்தான் அவர் குரல் ஆடி நான் கேட்டேன். “இனிமே கடக்கர வேலைக்கு வெள்ளைத் தாளும்மா. கீழ எதையும் ஒட்டாதே” என்றார்.

அதையேதான் உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் சேவ் ஆஸ் எங்கள் ட்ரேசிங் தாள்தான், கொஞ்சம் வேகமானது. புது விஷயத்தில் நீங்கள் தவறு செய்ய மாட்டீர்கள், அங்கே கண் விழித்திருக்கும். பழகிய கோட்டில்தான் செய்வீர்கள்.

ஆனால் இவ்வளவு எழுதியது அதற்காக மட்டும் இல்லை. அந்த அம்மாவைத் தேடிப் போனேன். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். கொட்டகை இருந்த இடத்தில் நனைந்த மீன்களைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார். நான் இன்னார் என்று சொல்லிவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல், சத்திரத்துக்கு அவ்வளவு தூரம் நடக்க வைத்துவிட்டேன் என்றேன்.

“நடக்கவே மாட்டேன்னாங்க எல்லாரும்” என்றார். “இம்மாம் பெரிய கட்டடத்த வுட்டுட்டு மழையில நடக்குறதான்னு சண்ட.”

“அப்புறம் எப்படி நடந்தாங்க? நான் சொன்னேன்னு கேட்டாங்களா?”

அவர் மீனைத் திருப்பிப் போட்டார்.

“நீ சொன்னத நான் சொல்லல. நீ சொன்னதுல பாதி எனக்கு வெளங்கவும் இல்ல. புயலப் பத்தி இங்க வந்து பேசாத ஆளு இல்ல. எல்லாரும் கிண்ணுனு பேசுவாங்க, ஒண்ணும் ஆவாதும்பாங்க. நீ அழுத. கட்டுனவளே அழுவுறா, எந்திரிங்கன்னேன். எந்திரிச்சிட்டாங்க.”